பழைய பைதான் இருந்துவிட்டுப் போகட்டும்

லினக்ஸ் பழகிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "சார், ஒரு புரோகிராம் போடப் போனேன். பைதான் 3.12 வேணும்னு சொல்லுது. என் உபுண்டுல 3.10 தான் இருக்கு. பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டுடலாமா?"

எடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பைதான் ஒரு கணினி மொழி. (பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உருவாக்கிய கைடோ வான் ராசம், மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் ரசிகர்.) அந்த மொழியில் எழுதியதைப் படித்து ஓட்டுகிற மென்பொருளுக்கும் அதே பெயர்தான். இப்போதெல்லாம் வருடாவருடம் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது. உபுண்டு 22.04 வெளிவந்தது 2022 ஏப்ரலில். அப்போது கூட வந்த 3.10-ஐயே அது கடைசிவரை வைத்துக்கொள்ளும். பழசு என்பதால் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களை ஐந்து வருடம் அதற்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

விஷயம் என்னவென்றால், அந்த 3.10 நமக்காக மட்டும் வைத்தது இல்லை. அப்டேட் செய்யும் கருவி, புதிய மென்பொருள் களஞ்சியம் சேர்க்கும் கட்டளை, ஏன், கறுப்புத் திரையான டெர்மினலைத் திறக்கும் சிறு புரோகிராம்கூட அதன்மேல்தான் ஓடுகிறது. அவற்றின் துணைப்பகுதிகள் 3.10-க்கென்றே தயாரித்தவை. உலையில் சோறு வேகும்போது அடுப்பைப் பிடுங்கலாமா? பக்கத்தில் இன்னொரு அடுப்பு வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் சில வீடியோக்கள் வேறு மாதிரி சொல்கின்றன. பைதான்3 என்ற பெயரைப் புதிய பதிப்பின் பக்கம் திருப்பிவிடச் சொல்கிறார்கள். இரண்டே வரிக் கட்டளை. அடுத்த முறை டெர்மினலைச் சொடுக்கினால் திறக்காது, காரணமும் சொல்லாது. சரிசெய்யலாம் என்றால் அதற்கும் டெர்மினல்தானே வேண்டும்! கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை ஒன்று வரும். அங்கே நுழைந்து அந்தப் பெயரை மறுபடி 3.10 பக்கம் திருப்ப வேண்டும். இளைஞர்களுக்கு இது விளையாட்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒரே மடிக்கணினி. பென்ஷன் கணக்கு, பேரன் பேத்தி படங்கள், வெளிநாட்டு மகளோடு பேச்சு எல்லாம் அதில்தான்.

பழசையே நீக்கப் போனால் இன்னும் மோசம். டெஸ்க்டாப்பில் பாதியையும் சேர்த்து நீக்கலாமா என்று ஒரு நீண்ட பட்டியல் காட்டிக் கேட்கும். படிக்காமல் 'ஒய்' தட்டிவிட்டால் அவ்வளவுதான்.

புதிய பதிப்பைப் பக்கத்தில் வைப்பது கஷ்டமே இல்லை. உபுண்டுவுக்கு டெட்ஸ்நேக்ஸ் என்றொரு களஞ்சியம் இருக்கிறது. செத்த பாம்புகள் என்று அர்த்தம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அதிலிருந்து 3.12-ஐ நிறுவினால் பைதான்3.12 என்று எண்ணோடு தனியாக உட்காரும், பழசைத் தொடாது. ஆனால் திருத்தங்கள் உடனுக்குடன் வரும் என்று அவர்கள் உத்தரவாதம் தருவதில்லை. மூலநிரலிலிருந்து நீங்களே கட்டுவதானால், கடைசியில் 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். எண் இல்லாத பெயரை அது எடுத்துக்கொள்ளாது.

அதன்பின் ஒவ்வொரு வேலைக்கும் 'வென்வ்' என்ற தனி அறை. டெட்ஸ்நேக்ஸில் அதற்கான பொதியையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம்.

2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து, 'பிப்' கொண்டு சிஸ்டத்தின் பைதானுக்குள் நேரடியாக எதையும் போட விடுவதில்லை. தனி அறை அமைத்துக்கொள் என்கிறது. நல்ல ஏற்பாடு. அதை மீறவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அந்த வழிக்குப் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. சிஸ்டத்தின் பொதிகளை உடை என்று பட்டவர்த்தனமாகப் பெயர் வைத்தும், அதையே வைத்தியமாக எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

3.12 அடிக்கடி தேவைப்படுகிறதென்றால் படங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு உபுண்டு 24.04-க்கே மாறிவிடுங்கள். அதில் அது கூடவே வருகிறது.