முதலில் வந்து நின்ற கடைசிப் பாடல்

ஒரு நாவல் வெளியாகி மூன்றரை மாதம் ஆகிறது. வாசகர்கள் வாங்கிவிட்டார்கள், மதிப்புரைகளும் வந்துவிட்டன. இந்நிலையில் பதிப்பாளர் எழுத்தாளரை அழைத்து, "கடைசி அத்தியாயத்தில் ஓர் இடம் நன்றாக வந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு விறுவிறுப்பாகப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுங்கள். அடுத்த பதிப்பில் அதையே முதல் அத்தியாயமாக வைத்துவிடலாம்" என்கிறார். எழுத்தாளரும் எழுதிக் கொடுக்கிறார். புதிய பதிப்பு வெளிவருகிறது. பழைய அத்தியாயங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இப்போது சொல்லுங்கள், அது அதே நாவல்தானா?

சிற்றிதழ் வாசகர் எவரும் இதற்குப் பதில் சொல்ல ஒரு கணமும் தயங்கமாட்டார். ஆனால் 2000-ஆம் ஆண்டில் டெஃப்டோன்ஸ் என்கிற அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் மெட்டல் குழுவின் 'வைட் போனி' ஆல்பத்துக்கு ஏறக்குறைய இதுவேதான் நடந்தது என்று சொல்லிப் பாருங்கள். "மெட்டல் இசைதானே? கம்பெனி பணம் போட்டது, ஒரு பாட்டுக் கேட்டது, அவர்களும் பாடிக் கொடுத்தார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அதே வாசகர் கேட்பார். இலக்கியத்தில் காற்புள்ளிக்காகச் சண்டையிடும் நண்பர்களே இப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இக்கட்டுரை அவர்களுக்கான பதில்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெஃப்டோன்ஸ் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத்துக் குழு. பள்ளித் தோழர்களாக இருந்தவர்கள் 1988-இல் தொடங்கியது. 1995-இல் 'அட்ரினலின்', 1997-இல் 'அரவுண்ட் த ஃபர்' என இரண்டு ஆல்பங்கள் வெளியாகி, பரவலான கவனத்தைப் பெற்றிருந்தன. மூன்றாவதற்காக 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாசலிட்டோவின் 'த பிளான்ட்' ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த டெரி டேட்தான் இதற்கும் தயாரிப்பாளர். எழுதவும் பதிவு செய்யவுமாக நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை எந்த ஆல்பத்துக்கும் அவர்கள் இவ்வளவு காலம் செலவிட்டதில்லை. சீக்கிரம் முடித்துத் தரும்படி நெருக்குதல் இருந்தும் அவசரப்படவில்லை.

அந்த நான்கு மாதங்களில் நிகழ்ந்தவை முக்கியமானவை. பாடகர் சீனோ மொரேனோ தானும் கிட்டாரைக் கையில் எடுத்தார். மெட்டலில் ஊறி வளர்ந்த கிட்டார் கலைஞர் ஸ்டீஃபன் கார்பென்டருக்கு இது எளிதில் செரிக்கவில்லை. ஒருவருக்குக் கனமும் வேகமும் வேண்டும்; மற்றவருக்கு இடைவெளியும் மூட்டமும் வேண்டும். இருவரில் எவரும் முழுதாக வெல்லவில்லை என்பதுதான் அந்த ஆல்பத்தின் அதிர்ஷ்டம். அதுவரை விருந்தாளியாக வந்துபோய்க்கொண்டிருந்த ஃபிராங்க் டெல்காடோ முழுநேர உறுப்பினர் ஆனார். அக்காலத்து மெட்டல் குழுக்கள் பலவற்றில் டர்ன்டேபிள் கலைஞரின் வேலை தட்டைக் கீறி வித்தை காட்டுவதாக இருந்தது. டெல்காடோவோ அதைக் கொண்டு பின்னணியில் ஒரு மூச்சுக்காற்றை உண்டாக்கினார். டிரம்ஸில் ஏப் கன்னிங்ஹாம், பேஸ் கிட்டாரில் சீ செங். இந்த சீ செங் கவிஞரும்கூட; அதே 2000-இல் தன் கவிதைகளைத் தன் குரலிலேயே வாசித்து ஓர் ஒலித்தொகுப்பு வெளியிட்டவர்.

பாடல் வரிகளிலும் ஒரு திருப்பம். முந்தைய ஆல்பங்களில் தன் சொந்தக் காயங்களையே அதிகம் பாடிய மொரேனோ, இதில் கற்பனைப் பாத்திரங்களின் குரலுக்குள் புகுந்தார். முதல் பாடலான 'ஃபெய்ட்டிசெய்ரா' பிறர் பிடியில் சிக்கிய ஒருவனின் கூற்று. 'பாசஞ்சர்' பாடலில் டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனனும் மொரேனோவும் மாறி மாறிப் பாடுகிறார்கள். தன்னிரக்கத்திலிருந்து புனைவுக்குப் போவது எவ்வளவு பெரிய தாண்டல் என்று இலக்கியம் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வேலை நெடுநாள் பிடிபடாமல் இருந்தது; 'சேஞ்ச்' பாடல் உருவானபோதுதான் ஐவரும் ஒன்றாகச் சேர்ந்து இயங்கத் தொடங்கினோம் என்ற பொருளில் மொரேனோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2000 ஜூன் 20 அன்று ஆல்பம் 11 பாடல்களோடு வெளியாயிற்று. பில்போர்ட் பட்டியலில் நேராக 3-ஆம் இடத்தில் நுழைந்தது. எந்த அளவுகோலிலும் இது தோல்வி இல்லை. ஆனால் நிறுவனத்துக்குப் போதவில்லை. குழுவின் கனம் குறைந்துவிட்டது, தனியாக எடுத்து வானொலிக்குக் கொடுக்க இதில் இனிப் பாட்டில்லை என்று குறைப்பட்டது. ராப்பையும் மெட்டலையும் கலந்த குழுக்கள் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. லிம்ப் பிஸ்கிட் 1999-இல் உச்சத்தில் இருந்தது. 2000 ஏப்ரலில் பாபா ரோச் வந்திருந்தது. அவ்வருடம் அக்டோபரில் லிங்கின் பார்க் வரவிருந்தது. கடைக்காரருக்கு அலமாரியில் எது விற்கிறதோ அதுவே மேலும் வேண்டும்.

மொரேனோவுக்குக் கோபம் வந்தது. வெற்றிப் பாடல் ஒன்றைச் செய்வது எவ்வளவு எளிது என்று காட்டுகிறேன் பார் என்று, ஆல்பத்தின் இறுதிப் பாடலான 'பிங்க் மேகட்'டை எடுத்தார். ஏழரை நிமிடப் பாடல் அது. தனித்த கிட்டாரும் முணுமுணுப்புப் போன்ற குரலுமாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கனத்து, ஆல்பம் முழுவதையும் இழுத்து மூடுவது. அதன் பல்லவியை மட்டும் வெட்டியெடுத்து, மேலே ராப் பாணியில் வரிகளைப் போட்டு, ஏறக்குறைய பாதி நீளத்துக்குச் சுருக்கினார். வேலை அரை நாளில் முடிந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 'பேக் டு ஸ்கூல்' என்று பெயர். 2000 அக்டோபர் 3 அன்று ஆல்பம் மறுபடி வெளியானபோது, முதல் பாடலாக நின்றது இதுதான்.

நான்கு மாத உழைப்பின் வாசலில் அரை நாள் வேலையைக் காவல் நிறுத்தினார்கள். இனி நண்பர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "பழைய 11 பாடல்களும் அப்படியே இருக்கின்றனவே! ஒன்று கூடுதலாகத்தானே கிடைக்கிறது?" படைப்பை எண்ணிக்கையாகப் பார்ப்பவரின் வாதம் இது. 'பிங்க் மேகட்'டின் பல்லவி 40 நிமிடத்துக்கும் மேலாக நம்மைக் காக்கவைத்து, இருட்டிலும் இரைச்சலிலும் நடக்கவைத்து, கடைசியில் வந்து சேர வேண்டிய ஒன்று. புதிய பதிப்பில் அது முதல் சில நிமிடங்களிலேயே, கூவி விற்கும் தொனியில், காதில் விழுந்துவிடுகிறது. பிறகு இறுதியில் அதே பல்லவி வரும்போது கேட்பவனுக்கு அது ஏற்கெனவே கேட்ட பாட்டு. கதையின் முடிவை முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, "மற்ற பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன" என்றால் அது நியாயமாகுமா? அதோடு, பிடிபட்டவனின் குரலில் எந்த முன்னறிமுகமும் இல்லாமல் நம்மை உள்ளே இழுத்த 'ஃபெய்ட்டிசெய்ரா' இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தொடக்கமும் போயிற்று, முடிவும் போயிற்று. அப்படியே இருப்பது நடுப்பகுதி மட்டும்தான்.

இரண்டாவது வாதம்: "எல்லாப் படைப்பிலும் பிறர் கை இருக்கிறது. டெரி டேட் தலையிட்டால் அது கலை, கம்பெனி தலையிட்டால் அநியாயமா?" நல்ல கேள்விதான். தயாரிப்பாளர் செய்வது நல்ல பத்திரிகை ஆசிரியர் செய்யும் வேலை. படைப்பு உருவாகும்போதே உடனிருந்து, அது எதுவாக ஆக விரும்புகிறதோ அதற்கு உதவுவது. டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும், குரல் எவ்வளவு உள்ளே அமுங்க வேண்டும் என்ற கேள்விகள் படைப்பின் உள்ளிருந்து எழுபவை. ஜூன் மாதத்துக்குப் பிறகு எழுந்த கேள்வி, பக்கத்துக் கடையில் என்ன விற்கிறது என்பது. தலையிட்டவர் யார் என்பதல்ல இங்கே பிரச்சினை. எந்தக் கேள்வியோடு வந்தார் என்பதே.

மூன்றாவது வாதம் சந்தையின் வாதம்: "கம்பெனி சொன்னபடி செய்ததால்தானே விற்றது?" சந்தைக் கணக்குப்படியே பார்ப்போம். அந்த ஆல்பத்தின் பாடல்களில் அமெரிக்க மாடர்ன் ராக் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது, ஆல்பத்திலேயே இருந்த 'சேஞ்ச்'. மெதுவான, மங்கலான, எந்தச் சூத்திரத்துக்கும் பொருந்தாத பாட்டு. ஐவரும் ஒன்றானபோது பிறந்த பாட்டு. ஆர்டரின் பேரில் தைத்துக் கொடுத்த 'பேக் டு ஸ்கூல்' அந்த உயரத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. கனம் குறைந்துவிட்டது என்று புகார் சொல்லப்பட்ட அதே ஆல்பத்தின் 'எலீட்' பாடலுக்கு 2001 பிப்ரவரியில் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி விருது கிடைத்தது. 2002-இல் ஆல்பம் பிளாட்டினம் ஆனது. அதில் எந்தப் பாட்டின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தையை அறிந்தவன் என்று சொல்லிக்கொண்டு வருபவனுக்குப் பல சமயம் தெரிந்திருப்பது நேற்றைய சந்தை மட்டுமே.

நிறுவனத்தின் பெயர் மேவரிக். மடோனாவைப் பங்குதாரராகக் கொண்டு 1992-இல் தொடங்கியது. முதலாளியின் சூட்டுக்குறி படாத கன்றுக்கு வழங்கிய பெயர் அது. சூடு போடுவதில் மற்றவர்களுக்கு அது சளைத்ததல்ல என்று நிரூபித்தது. ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். அந்த நான்கு மாத காலத்தை வாங்கிக் கொடுத்ததும் அதே நிறுவனத்தின் பணம்தான். வணிகம் வணிகமாக நடந்துகொண்டதற்காக நான் மார்பில் அடித்துக்கொள்ளப் போவதில்லை.

என் குற்றச்சாட்டின் கடுமையான பகுதி மொரேனோவின் மீதுதான்.

அவர் செய்ததாக நினைத்தது பகடி. "இவ்வளவு எளிதான விஷயத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்க நினைத்தார். ஆனால் பகடி செய்ய அவர் பயன்படுத்திய மூலப்பொருள் சொந்தப் படைப்பின் இதயம். நிறுவனத்துக்குப் பகடி புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டது கிடைத்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவமானப்பட்டது ஆல்பம் ஒன்றுதான். ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டு ஒரு தவறு, கணக்குப் போட்டுச் செய்யப்பட்ட ஒன்று என்று மொரேனோ ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் "நான் விளையாட்டுக்குச் செய்தேன்" என்று நினைத்துக்கொண்டு செய்யும் சமரசமே மிக ஆபத்தானது. நேரடியாகச் சமரசம் செய்பவனுக்குத் தான் தோற்றது தெரியும். பகடியாகச் செய்பவன் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறான். தொடர்கதைகளும் திரைக்கதைகளும் இப்படித்தான் எத்தனையோ எழுத்தாளர்களை விழுங்கின என்பது நாம் அறியாததா?

இதே குழு பின்னாளில் வேறு விதமாகவும் நடந்துகொண்டது. 2008 நவம்பரில் நடந்த கார் விபத்தில் சீ செங் நினைவிழந்தார். அப்போது 'ஈராஸ்' என்ற ஆல்பம் பெரும்பகுதி பதிவாகியிருந்தது. அவர்கள் அதை வெளியிடவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக எழுதி 2010-இல் 'டைமண்ட் ஐஸ்' வெளியிட்டார்கள். சீ செங் மீளாமலே 2013 ஏப்ரலில் காலமானார். பெருஞ்சோகத்தின் நடுவே, கையில் இருக்கும் சரக்கை விற்றுக் காசாக்குவது எளிதாக இருந்திருக்கும். ஒரு படைப்பு எப்போது முடிகிறது, எப்போது வெளிவரலாம், எப்போது வெளிவரக் கூடாது என்பதைத் தாங்களே தீர்மானிக்க முடியும் என்று அப்போது காட்டினார்கள். 2000-இல் கைவிட்டது இந்த உரிமையைத்தான்.

எனவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெட்டல் உங்கள் ரசனைக்கு உரியதாக இல்லாமல் போகலாம்; அது பிரச்சினை இல்லை. ஆனால் படைப்பின் முழுமை என்று நாம் இலக்கியத்தில் பேசுவதெல்லாம் உண்மையானால், இரைச்சலாகத் தோன்றும் கலைக்கும் அது பொருந்தும். 'வைட் போனி'யை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் பிரதியில் 'பேக் டு ஸ்கூல்' முதலில் இருந்தால் அதைத் தாண்டிவிட்டு 'ஃபெய்ட்டிசெய்ரா'விலிருந்து தொடங்குங்கள். இடையில் எழுந்து போகாமல் 'பிங்க் மேகட்' முடியும்வரை கேளுங்கள். அதன் பிறகு, விருப்பம் இருந்தால், தாண்டிவந்த அந்தப் பாட்டையும் போட்டுக் கேளுங்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வியை அப்போது மறுபடியும் என்னிடம் கேட்கலாம்.