எலும்புக்கும் வேலை வேண்டும்

முற்றத்தில் தடக்கி விழுந்த மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால், "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

எலும்பு கல்லைப்போலச் செத்த பொருளன்று. அதனுள் ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து அகற்ற, வேறொரு வகைக் கலங்கள் அவ்விடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. வளர்ந்தவரின் எலும்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இளவயதில் கட்டும் வேலை முந்தும். முப்பதைத் தாண்டிச் சில காலத்தில் அரிப்பு முந்தத் தொடங்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதற்கும் எலும்பு நலிவதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க வைத்தியர் புல்லர் ஓல்பிரைட் 1941 இல் எடுத்துக்காட்டினார். அரிக்கும் கலங்களை அடக்கிவைப்பது அந்த ஓமோன்தான் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

ஆனால் எலும்பைக் கட்டுவிப்பது கல்சியம் மட்டுமன்று, சுமையுந்தான். எலும்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்ப அமைகிறது என்று ஜேர்மன் வைத்தியர் யூலியஸ் வொல்ப் 1892 இல் எழுதினார். டெனிஸ் ஆடுபவர்களின் ஆடும் கையெலும்பு மற்றக் கையினதைவிடத் தடித்திருக்கும். பாரமே தெரியாத விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கோ இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு வீதம் கரைகிறது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் பெண்களின் நினைவுதான் வந்தது. மண்வெட்டி பிடித்து, நாற்று நட்டு, கதிர்க்கட்டுச் சுமந்தவர்கள் தறப்பாள் கொட்டிலுக்குள் நாள் முழுவதும் குந்தியிருக்க நேர்ந்தது. பசுவையும் அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். இழந்தது காணி மட்டுமன்று. குமர்ப்பிள்ளைகளைப் பயத்தில் உள்ளே அடைத்து வைத்தோமே, அவர்களுக்கு அது எலும்பு கட்டும் வயது.

நிவாரணம் என்றால் அரிசியும் மாவும் என்றே கணக்குப் பார்க்கிறார்கள். முள்ளோடு தின்னக்கூடிய நெத்தலியும், 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உள்ள குரக்கனும் அந்தக் கணக்கில் சேரவேண்டும் என்பது என் கருத்து. பால்மா விளம்பரத்தை நம்பிக் கடன்படத் தேவையில்லை. தோட்டம் செய்ய ஒரு துண்டு நிலம் கிடைத்தால் முருங்கையும் வரும், வெயிலும் படும், உடம்புக்கு வேலையும் இருக்கும். ஏற்கெனவே எலும்பு நலிந்த முதியவர்கள் மட்டும் குனிந்து நிறைகுடம் தூக்கக்கூடாது, முதுகெலும்பு நொறுங்கிவிடும். அவர்கள் நடந்தால் போதும்.

பிள்ளைகள் ஓடியாட ஆலய வளவில் ஓர் இடம் ஒதுக்கும்படி பங்குச் சபையைக் கேட்போம். வலைப்பந்துக் கம்பம் இரண்டு நடப் பெரிய செலவில்லை.