குரோமோலி மோகம்

கோவையில் ஒரு கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் காரை இந்த வாரம் வெளியிட்டார்கள். ரேஸ் வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டப்போகிறார்களாம். கார் லட்சணமாகத்தான் இருந்தது. அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் ‘குரோமோலி சஸ்பென்ஷன்’ என்று போட்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் குரோமோலி ஒவ்வாமை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். மறுபடியுமா என்று சலித்துக்கொள்பவர்கள் பக்கத்து ராசிபலனுக்குப் போகலாம்.

4130 என்கிற அந்த ஸ்டீல், சாதா மைல்டு ஸ்டீலைவிட வலுவானது, சந்தேகமில்லை. ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் விஷ்போன் கைகள் மெலிந்து நீண்டவை. பிரேக் போட்டால் ஒரு கை நெருக்கப்பட்டு மடங்கப் பார்க்கும். அதைத் தடுப்பது ஸ்டீலின் விறைப்பு. அது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். விட்டத்தைக் கூட்டினால்தான் பலன். 1.6 மி.மீ. கனத்தில் 19 மி.மீ. டியூபுக்குப் பதில் 25 மி.மீ. போட்டால், மடங்காமல் தாங்கும் சுமை சுமார் 2.4 மடங்கு ஆகும். எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். காருக்கு 6 மீட்டர் போனாலும் கூடுதல் சுமை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. (சாலையில் ஓடும் காரில் கைவைத்துவிடாதீர்கள்; மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆவது பிரிவு காத்திருக்கிறது.)

சரி, அந்த 25 மி.மீ. டியூபை எங்கே போய் வாங்குவது? சென்னையில் எல்லோரும் கைகாட்டுவது செம்புதாஸ் தெருவை. ‘ஒரு இஞ்ச் பைப்’ என்று கேட்டால் 33 மி.மீ.க்கு மேல் வெளிவிட்டம் உள்ள தண்ணீர்க் குழாய்தான் வரும்; அதற்கு உள்துவாரக் கணக்கு. வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ பக்கமே தலைவைக்காதீர்கள், அதன் வெல்டிங் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும். கேட்க வேண்டியது சி.டி.டபிள்யூ. தகட்டைச் சுருட்டி, சேரும் இடத்தை வெல்டு செய்து, பிறகு டையின் வழியே சூடேற்றாமல் இழுத்த டியூப் அது. சாதா ஈ.ஆர்.டபிள்யூ.வுக்குள் விரலை விட்டால் வெல்டு தழும்பு பெரும்பாலும் நெருடும். இதில் வழுவழுப்பாக இருக்கும்.

என் நிஜமான ஆத்திரம் இனிமேல்தான். கடையில் டியூப் இருக்கும், மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் இருக்காது. “ஆவடி மால் சார், கண்ணை மூடிட்டு எடுங்க” என்பார் கடைக்காரர். டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955இல் ஆவடியில் தொடங்கியது எனக்கும் தெரியும். எழுத்தெல்லாம் அழிந்து துருவேறிக் கிடக்கும் துண்டு அங்கிருந்துதான் வந்தது என்று யார் சொல்வது? அழுத்திக் கேட்டால், “ஒரு டன் எடுங்க, சர்டிஃபிகேட் தர்றோம்.” எட்டு விஷ்போனுக்கு ஒரு டன்னா?

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு லெங்த் வாங்க வரும் மாணவனுக்கும் பில்லில் ஹீட் நம்பரை, அதாவது ஸ்டீல் எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் எண்ணை, எழுதிக்கொடுங்கள். கூடவே சர்டிஃபிகேட்டின் ஜெராக்ஸ் ஒன்று. அதற்கான காசையும் அவனிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.