மெய் காத்த மாயாவி

கண்கட்டு வித்தையை வெறும் பொய்யென்று தள்ளுவாரும் உளர். அருங்கலையெனப் போற்றுவாரும் உளர். பொய்த்தோற்றம் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் மெய்க்குக் காவலனாதல் கூடுமோ? கூடும் என்பதற்கு ஹரி ஹூடினியின் வாழ்க்கை சான்றாகும்.

ஹூடினி 1874ஆம் ஆண்டு ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரிலே யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் எரிக் வைஸ். நான்கு வயதில் அமெரிக்கா சென்ற அவர், வறுமை காரணமாக இளமையிலேயே உழைக்க நேர்ந்தது. பிரெஞ்சு மாயவித்தைக்காரரான ரொபேர் ஹூடானின் வரலாற்றைப் படித்து, அப்பெயரைத் தழுவித் தம் மேடைப்பெயரை அமைத்துக்கொண்டார். சிறு கொட்டகைகளிற் பல்லாண்டு அலைந்தவருக்கு 1899இலேதான் நற்காலம் பிறந்தது. கைவிலங்குகளைக் களைந்தார், சிறைக்கதவுகளைத் திறந்தார். 1912இல், கால்கள் பூட்டப்பட்டுத் தலைகீழாக நீர்ப்பேழையுள் இறங்கி மீண்டார். இவற்றிலே அமானுஷ்ய சக்தி ஏதுமில்லை. பயிற்சியும் உடலுரமும் பூட்டுக்களைப் பற்றிய நுண்ணறிவுமே உண்டு என்று அவர் சொல்லிவந்தார்.

1913இல் அவருடைய அன்னை காலமானார். தாயின்மீது அளவிறந்த பாசம் வைத்திருந்த மகனுக்கு அது ஆறாத் துயராயிற்று. அடுத்து வந்த முதலாம் உலகப் போரோ எண்ணற்ற குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தியது. இறந்தாரோடு பேசுவிப்பதாகக் கூறியோருக்கு அத்துயரே முதலாயிற்று. ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆதர் கொனன் டொயிலும் அந்நம்பிக்கையில் உறுதியாய் நின்றார். 1922இல் அட்லாண்டிக் சிற்றியிலே, டொயிலின் மனைவியார் ஹூடினியின் தாயிடமிருந்து வந்த செய்தியெனப் பல பக்கங்களை எழுதிக் கொடுத்தார். எழுத்து ஆங்கிலம், தலைப்பிலே சிலுவைக்குறி. அன்னையோ யூத குருவின் மனைவி. ஆங்கிலம் அறியாதவர் என்பதை மகன் அறிவார். ஆறுதலை ஏற்றிருந்தால் நட்பு நிலைத்திருக்கும். அவர் மெய்யையே தெரிந்தார். நட்பு முறிந்தது.

வறுமை நெருக்கிய இளமையில் தாமும் ஆவியுரைக் காட்சி நடத்தியவர் ஹூடினி. அதற்காகப் பின்னர் வருந்தினார். அத்தொழிலின் சூழ்ச்சிகளை அறிந்ததும் அவ்வழியேதான். 1924இல், ஒரு விஞ்ஞான சஞ்சிகை நியமித்த குழுவில் அமர்ந்து, பொஸ்டன் நகரில் புகழ்பெற்றிருந்த ஆவியுரைப்பாளர் ஒருவரின் தந்திரங்களை வெளிப்படுத்தினார். 1926இல், வாஷிங்டன் நகரிலே பணம் பெற்றுக் குறிசொல்வதைத் தடுக்கும் மசோதாவுக்கு ஆதரவாக அமெரிக்கக் காங்கிரஸ் குழுமுன் சாட்சியம் அளித்தார். மசோதா நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் டிட்ரோயிற் நகரிலே அவர் உயிர் பிரிந்தது.

இறந்தபின் பேச முடியுமாயின் இன்ன குறிமொழியாற் பேசுவேன் என்று மனைவியிடம் அவர் சொல்லிவைத்திருந்தார். 1936இல் இறுதியாக அழைத்துப் பார்த்தபோதும் விடை வரவில்லை. அம்மையார் அம்முயற்சியை அத்துடன் நிறுத்தினார்.

மேடை வித்தைக்காரன் ஏமாற்றுவான் என்பதை அறிந்தே நாம் சீட்டு வாங்குகிறோம்; திரை விழுந்ததும் வியப்போடு வீடு திரும்புகிறோம். அங்கே யாருக்கும் இழப்பில்லை. துயருற்றோர் வீட்டு வாயிலில் நின்று, தன் தந்திரத்தைத் தெய்வச் செயலென்று விற்பவனோ அவர்களது பொருளையும் கவர்கிறான், தெளிவையும் கவர்கிறான். இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காணும் கண் நமக்கு வேண்டும். தாயின் குரலைக் கேட்க ஏங்கியிருந்தும் போலிக்குரலை ஏற்க மறுத்த அம்மாயாவி, அந்தக் கண்ணுடையவராய் வாழ்ந்தார்.