ரிகர்ஷனை எடுத்தாச்சு, திரும்பி வர்றதை எங்கே விட்டோம்?



இந்த வார எபிசோடில் நேர்காணல் கேள்விகளைப் பற்றிப் பேசும்போது டிஎஃப்எஸ் விஷயத்தைப் பாதியிலேயே விட்டுட்டேன். மீதி இங்கே.

விசா முடியும் தேதியை மனசுல வெச்சுக்கிட்டு ராத்திரி உட்கார்ந்து படிக்கிற நம்ம ஆட்கள் பலரும் இதை இப்படித்தான் மனப்பாடம் செய்கிறோம்: “ரிகர்ஷன்ல எட்டு வரி. அது வேண்டாம்னா ஒரு ஸ்டாக் போடு. ரெண்டும் ஒண்ணுதான்.” ரெண்டும் ஒண்ணு இல்லை என்பதுதான் என் கட்சி.

நான் பட்டதைச் சொல்றேன். எந்த ஜாப் முதலில் ஓடணும்னு வரிசை போடும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஒவ்வொரு நாள் ஜாபும் முந்தின நாள் ஜாபை நம்பியிருக்கும். மூணு வருஷம் நெருங்கும்போது சங்கிலி நீண்டு, பைத்தான் இயல்பாக வைத்திருக்கும் 1000 என்ற ரிகர்ஷன் வரம்பில் முட்டி நின்றது. பத்தே நிமிஷத்தில் ஸ்டாக்குக்கு மாற்றி, கிடைத்த வரிசையைத் தலைகீழாக்கினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஏன்னா என் டெஸ்ட் எல்லாமே நேர் சங்கிலி.

நிஜ டேட்டா அப்படி இல்லை. மாத அறிக்கைக்கு விற்பனை, ரிட்டர்ன் இரண்டும் வேணும். அந்த இரண்டுக்குமே நாணய மாற்று விகிதம் வேணும். என் ஸ்டாக் போன வழி: அறிக்கை, ரிட்டர்ன், விகிதம், விற்பனை. தலைகீழாக்கினால் முதலில் ஓடுவது விற்பனை, அதுக்கு அப்புறம்தான் விகிதம்! எரர் எதுவும் வரலை. பழைய விகிதத்தில் கணக்குப் போட்ட அறிக்கைதான் மேலாளர் கைக்குப் போச்சு.

தப்பு எங்கே? ஒரு நோடுக்குள் நுழையும் நேரத்தை மட்டும் குறித்தேன். அதன் கீழே இருப்பதெல்லாம் முடிந்து திரும்பும் நேரத்தைத் தொலைச்சுட்டேன். ரிகர்ஷனில் அந்தத் திரும்புதல் இலவசமாகக் கிடைக்கும். கையால் ஸ்டாக் எழுதினால் நாமதான் செய்யணும். 1972-ல் ராபர்ட் டார்ஜன் டிஎஃப்எஸ்ஸை வைத்துக் காட்டிய வித்தைகளும் இந்தத் திரும்பும் கணத்தில்தான் நிற்கின்றன.

சரியான வழி பெரிசா ஒண்ணும் இல்லை. ஸ்டாக்கில் நோடோடு, அதன் அண்டைகளில் எதுவரை பார்த்தோம் என்பதையும் வையுங்க. மேலே இருக்கும் நோடுக்குப் புது அண்டை இருந்தால் அதை ஏற்றுங்க. இல்லாவிட்டால் நோடை இறக்கி, “முடிஞ்சது” பட்டியலில் சேருங்க. அந்தப் பட்டியலே ஓட வேண்டிய வரிசை, தலைகீழாக்கவே வேண்டாம்.

“பார்த்தாச்சா, இல்லையா” என்ற இரண்டு நிலையும் போதாது. பார்க்கலை, பாதையில் இருக்கு, முடிஞ்சது என மூணு வேணும். பாதையில் இருக்கும் நோடையே மறுபடி தொட்டால்தான் அது சுழற்சி. இரண்டே நிலை வைத்தால், விற்பனையும் ரிட்டர்னும் ஒரே விகிதத்தைக் கேட்பதைக்கூடச் சுழற்சின்னு கத்தும்.

நேர்காணல் எடுக்கும் இடத்தில் நம்மில் பலர் இருக்கோம். எட்டு வரி ஒப்பிக்கச் சொல்லாதீங்க. இந்த நாலு நோடைக் கொடுத்து, “எது எப்போ முடியுது?”ன்னு கேளுங்க. படிக்கிறவங்க, இன்னிக்கே ஒரு தாளில் போட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.