மணலும் பணமும்

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்கு வடக்கே, பால்மெடி கடற்கரையை ஒட்டிய மீனி என்னும் பெரிய நிலத்தை, பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான கோடீஸ்வரர் டொனால்ட் டிரம்ப் 2006-ல் வாங்கினார். எதற்காக? அங்கே கோல்ப் மைதானம் போட்டு, 450 அறை ஹோட்டலும் 950 விடுமுறை வீடுகளும் கட்டி, 100 கோடி பவுன் செலவழித்து, 6000 பேருக்கு வேலை கொடுக்கும் பரோபகாரத்திற்காகவாம்!

அங்கிருந்தது சாதாரண மணலல்ல. காற்றின் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் மேடு; நகர்வதுதான் அதன் விசேஷம். விஞ்ஞான முக்கியத்துவமுள்ள இடமென்று அதைச் சட்டமே காப்பாற்றி வைத்திருந்தது. ஆனால் பந்தடிப்பவருக்கு ஓடுகிற மணல் உதவுமா? புல்லை நட்டு அதைக் கட்டிப்போட்டாக வேண்டும். அதாவது, காப்பாற்ற வேண்டியதைக் கொன்றால்தான் இந்த விளையாட்டு நடக்கும்.

2007 நவம்பரில் உள்ளூர்க் கவுன்சில் கமிட்டியில் ஓட்டுகள் சரிபாதியாக நிற்க, தலைவர் மார்ட்டின் போர்டின் ஓட்டால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அடுத்த மாதமே அவருடைய தலைமைப் பதவி பறிக்கப்பட்டது! விண்ணப்பத்தை மந்திரிகள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, விசாரணை நடத்தி, பொருளாதார லாபமே பெரிதென்று 2008-ல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஓர் ஏழை அதே மேட்டில் ஒரு குடிசை போடக் கேட்டிருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்று கேட்கின்றோம்.

2012-ல் மைதானம் திறந்தாயிற்று. 450 அறை ஹோட்டல் எங்கே? 6000 வேலை எங்கே? வந்தது என்னவென்றால், 2020-ல் சர்க்காரின் இயற்கைப் பாதுகாப்பு இலாகாவே அந்த மேட்டின் பாதுகாப்பை நீக்கியதுதான். காப்பாற்றும்படியான சிறப்பு அங்கே போதுமான அளவு மிச்சமில்லையாம்!

நிற்க, ஸ்காட்லாந்தின் 2003-ம் வருஷத்துச் சட்டப்படி, ஆட்டத்திற்கு இடைஞ்சலில்லாமல் கோல்ப் மைதானத்தின் குறுக்கேகூடப் பொதுஜனங்கள் நடந்து போகலாம். நல்ல சட்டந்தான். ஆனால் நடக்க மட்டும் உரிமை கொடுத்து, நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதை அழித்துவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பணக்காரர் கொடுத்தது வாக்கு. பொதுஜனங்கள் கொடுத்தது மணல். வாக்குத் தவறினால் வேறு வாக்குக் கொடுக்கலாம். மணலை யார் திருப்பிக் கொடுப்பார்? ஆகவே எந்தக் கடற்கரையிலாவது, எந்தக் கனவானாவது வேலையைக் காட்டி நிலத்தைக் கேட்டால், "பொதுச்சொத்தை அழிக்காமல் உம்மால் அந்த வேலையைக் கொடுக்க முடியாதா?" என்பதையே முதலில் கேளுங்கள்.