கொடுத்த வாக்கைக் குத்தகைக்கு விடலாமா?

பகலெல்லாம் மாணவர்கள் மிதித்த படிக்கட்டை இரவில் ஒருவர் கழுவுகிறார். கழிப்பறையைத் தேய்த்து, குப்பைக் கூடைகளைக் கவிழ்த்து, கரும்பலகையில் பேராசிரியர் விட்டுப்போன சூத்திரங்களைத் துடைத்துவிட்டு, விடியற்காலையில் வீடு திரும்புகிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலையைப் பத்து, இருபது வருஷம் விடாமல் செய்கிற பலருக்கு, வெளியே சம்பளம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலும் போக மனம் வருவதில்லை. பிள்ளையின் படிப்புதான் காரணம். முழுநேர ஊழியரின் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் பாதி, முக்கால், சில இடங்களில் முழுவதுமே தள்ளுபடி. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு துப்புரவுத் தொழிலாளியின் ஐந்து பிள்ளைகளும் அவர் வேலை பார்த்த கல்லூரியிலேயே பட்டம் வாங்கிய செய்தி அங்குள்ள பத்திரிகைகளில் வந்தது. இரவில் தகப்பன் பெருக்கிய அறையில் பகலில் மகள் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள். ஒரு பல்கலைக்கழகம் பெருமைப்பட்டுக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தச் சலுகையைத் தர்மம் என்று நினைப்பவர்கள் அங்கே உண்டு. அது தர்மம் அல்ல, சம்பளம். குறைந்த கூலிக்கு இன்று உழை, பதினெட்டு வயதில் உன் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நிர்வாகம் சொல்லிய சொல் அது. அமெரிக்க வருமானவரிச் சட்டமும் 1984 முதல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இளநிலைப் படிப்புக்கான தள்ளுபடித் தொகைக்கு ஊழியர் வரி கட்ட வேண்டியதில்லை. உயர் சம்பளக்காரர்களுக்கு மட்டும் சாதகமாகத் திட்டம் வகுத்தால், அவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்றும் சட்டம் சொல்கிறது. கடைநிலை ஊழியரை மனத்தில் வைத்து எழுதிய நிபந்தனை அது.

2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இந்த வாக்குறுதிக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆபத்து வந்தது. டென்னசி மாநிலத்தில், அரசுக் கட்டடங்களின் பராமரிப்பையும் துப்புரவையும் ஜோன்ஸ் லாங் லாசால் என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க ஆளுநர் பில் ஹாஸ்லம் திட்டமிட்டார். சமுதாயக் கல்லூரிகளில் கட்டணமில்லாப் படிப்பைக் கொண்டுவந்து நாடெங்கும் பாராட்டு வாங்கியவர் அவர்தான். டென்னசி பல்கலைக்கழகத்தில் முழுநேர ஊழியரின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். வேலை தனியார் கைக்குப் போனால் அந்தப் பாதிக்கு யார் பொறுப்பு? ஊழியர் சங்கம் இரண்டு வருஷத்துக்கு மேல் போராடியது. மாணவர்களும் ஆசிரியர்களும் தோள் கொடுத்தார்கள். அக்டோபர் 31 அன்று நாக்ஸ்வில் வளாகம் இத்திட்டத்தில் சேர மறுத்தது. பல்கலைக்கழகத்தின் மற்ற வளாகங்களும் மறுத்துவிட்டன.

இரண்டே நாளில், நவம்பர் 2 அன்று, வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையில் ஒரு வரி மசோதா வந்தது. கட்டணத் தள்ளுபடிக்கான வரிவிலக்கையே அது ரத்து செய்தது. கைக்கு வராத பணத்துக்கு அந்தத் துப்புரவுத் தொழிலாளி வரி கட்ட வேண்டும். ஆராய்ச்சி உதவியாளர்களாக வேலை செய்து படிக்கும் மாணவர்களுக்கும் அதே கதி. அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் கணிசம். சலுகை பெறும் ஊழியர்களில் பாதிப் பேரின் ஆண்டுச் சம்பளம் 50,000 டாலரைத் தாண்டாது என்று அப்போதைய கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து போராடினார்கள். டிசம்பரில் இறுதியான சட்டத்தில் அந்த ரத்து இல்லை.

இரண்டிலும் நியாயம் வென்றது, சரி. ஆனால் எல்லா இடத்திலும் வெல்லவில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2012இலேயே சமையல், துப்புரவு, தோட்டம், கட்டடப் பராமரிப்பு அத்தனையையும் காம்பஸ் குழுமத்திடம் விட்டுவிட்டது. அதே வாளி, அதே நடைபாதை. சீருடையில் மட்டும் வேறொரு பெயர். தேயிலைத் தோட்டத்தில் துரைக்கும் கூலிக்கும் நடுவே கங்காணி நின்ற கதை நமக்குத் தெரியும். சம்பளம் கேட்டால் துரை கங்காணியைக் காட்டுவார், கங்காணி துரையைக் காட்டுவார். ஒப்பந்த நிறுவனம் செய்வதும் அதுதான். வரிவிலக்குச் சட்டமோ கல்வி நிறுவனத்தின் ஊழியருக்கு மட்டுமே பொருந்தும். ஒப்பந்ததாரரின் ஆள் அதற்கு வெளியே.

பாடம் நடத்துபவர்களின் நிலையும் பெரிதாக வேறல்ல. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரந்தரப் பணிக்கான வழியே இல்லாத நியமனங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பருவத்துக்குப் பருவம் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை எட்டுவதில்லை. அடுத்தவர் பிள்ளைக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளைக்குக் கடன் விண்ணப்பம் நிரப்புகிறார்கள்.

லட்சக்கணக்கான குடும்பங்கள் கல்விக் கடனில் மூழ்கும்போது ஊழியர் வீட்டுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேராசிரியரின் பிள்ளைக்கு இது வசதிக்கு மேல் வசதிதான்; அங்கே வருமான வரம்பு வைத்தாலும் நாம் எதிர்க்க மாட்டோம். ஆனால் அந்தக் கேள்வியைக் காட்டித் துப்புரவாளரின் பிள்ளையிடமிருந்து பறிப்பதை ஏற்க முடியாது. கட்டணம் வானத்தைத் தொட்டதற்கு அவர் காரணமல்ல.

மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு ஹார்வர்டே சாட்சி. 2001இல் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் 21 நாள் உள்ளிருந்து போராடினார்கள். அதன் பிறகு, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நேரடி ஊழியருக்கு இணையான சம்பளம் தரவேண்டும் என்று பல்கலைக்கழகம் விதி வகுத்தது.

பிள்ளையின் படிப்பை நம்பிக் குறைந்த கூலிக்கு வேலை செய்தவரை, அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிடுவது நம்பிக்கைத் துரோகம். சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதால் அது நேர்மையாகிவிடாது. துப்புரவையும் சமையலையும் காவலையும் பல்கலைக்கழகங்கள் மீண்டும் நேரடி வேலையாக்க வேண்டும். அதுவரை, ஒப்பந்தத்துக்கு மாற்றப்பட்ட ஒவ்வொருவரின் பிள்ளைக்கும் பழைய சலுகை பட்டம் வாங்கும் நாள்வரை தொடரும் என்று எழுத்தில் தர வேண்டும். அதற்கான வரிச்சுமையையும் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும்.